நீ சரியாகத்தான் வாசித்தாய்

அன்புள்ள மகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நீ கேட்டபோது நான் சொல்லாமல் விட்டது ஒரேயொரு வசனம். நீ சரியாகத்தான் வாசித்தாய். மூன்று சொற்கள். நாக்கு நுனிவரை வந்தன. அவற்றை விழுங்கிவிட்டு, "இரிக்கலாம் மனே" என்றேன். பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டேன். பாண் சாப்பிட்டதாகச் சொன்னாய். அதன்பின் அங்குள்ள குளிரைப் பற்றியும் உன் சைக்கிளின் பழுதான பிரேக்கைப் பற்றியும் பேசினோம். அழைப்பு முடிந்தது. அந்த மூன்று சொற்களை உனக்குச் சொல்வதற்காகத்தான் இந்தக் கடிதம். ஆனால் அவற்றை மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. நீ சரி என்றால் பிழை யாருடையது என்று அடுத்ததாகக் கேட்பாய்.

அன்று நீ உன் மடிக்கணினியின் திரையைத் தொலைபேசிக்கு நேரே திருப்பிக் காட்டினாய். முதலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நீல நிறத்தில் நீண்ட ஓர் உடல், அதிலிருந்து பிரியும் பல கைகள். நீ விரலை வைத்து, "இது நம்மட பாலம். இஞ்சால இரிக்கிறது நம்மட வீடு" என்றதும்தான் அது வாவி என்று தெரிந்தது. பிறந்த நாளிலிருந்து அதன் கரையில் இருக்கிறேன். தினமும் இரண்டு தடவை அதன் முகத்தைப் பார்க்கிறேன். ஆனால் வாவியை முழுதாக நான் கண்டது அன்றுதான். நீ ஒரு பொத்தானை அழுத்தினாய். எங்கோ மழை பெய்தது போல நீலம் கரைகளில் மெல்ல ஏறியது. கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயல்களுக்குள் விரல் நீட்டியது. பிறகு ஆற்றுவாய் திறந்தது. நீலம் முழுவதும் ஒரு மூச்சில் கடல் பக்கம் இழுபட்டது. என் கை மயிர் குத்திட்டு நின்றது. ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால், ஒரு வாடகை அறையில், காலில் கம்பளிக் காலுறையோடு குந்தியிருக்கும் என் பிள்ளை வாவியை மூச்சுவிட வைக்கிறான். அந்த நேரத்தில் எனக்கு நீ யாரென்றே தெரியவில்லை. என் மகன்தானா என்று உன் காதுகளைப் பார்த்தேன். அவை உன் அப்பாவின் காதுகள்தான்.

பிறகு நீ ஒரு வரைபைக் காட்டினாய். கணினி கணக்கிட்ட நீர்மட்டம் கறுப்புக் கோடாக ஓடியது. நான் படியடியில் உள்ள அளவுப் பலகையைப் பார்த்துப் புத்தகத்தில் எழுதியவை அதன்மேல் சிவப்புப் புள்ளிகளாக, எறும்பு வரிசை போலப் போயின. போவதற்கு முன் நீ அலுவலகத்தில் கிடக்கும் என் பழைய புத்தகங்களையெல்லாம் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தது இதற்குத்தான் என்று அப்போதுதான் விளங்கியது.

"பாருங்க அம்மா, இத்தன வருசம். காலையும் பின்னேரமும். எல்லாப் புள்ளியும் கோட்டுலதான் இரிக்கு. எங்கட பொறுப்பாளர் அம்மா நம்பவே இல்ல. இது மெசின் எழுதினதா எண்டு கேட்டா. இல்ல, என்ட அம்மா எழுதினது எண்டன். உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னா."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் நீ படத்தைப் பெரிதாக்கினாய். ஓரிடத்தில் ஆறு புள்ளிகள் மட்டும் கோட்டைவிட்டு எழுந்து, காற்றில் தொங்கிக்கொண்டிருந்தன.

"இந்த மூணு நாள் மட்டும்தான் அம்மா. சரியாப் பன்னிரண்டு சென்ரிமீற்றர் மேல நிக்குது. தண்ணி அப்பிடி நிக்காது. காத்து, மழை, ஆத்துவாய் எல்லாம் மாத்தி மாத்திப் போட்டுப் பாத்திட்டன். ஒண்டுக்கும் சரிவருதில்ல." பிறகு கூச்சத்தோடு சிரித்தாய். "அந்தப் பெரிய மழையில நீங்க கரையில நிண்டு எழுத, நான்தானே படியில இறங்கி வாசிச்ச? நாலாம் வகுப்புப் பொடியன். பிழையா வாசிச்சிருப்பன் போல. வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் முன்னால இதப் பேசணும். அந்தப் புள்ள நான்தான் எண்டு சொல்லிருவன். சிரிப்பாங்க, பரவாயில்ல. என்ன அம்மா, அப்பிடி இரிக்கலாம்தானே?"

இரிக்கலாம் மனே என்றேன்.

அழைப்பு முடிந்து ஆறு மணிக்கு வாவிப் படியில் இறங்கிப் பலகையைப் பார்த்தேன். தொண்ணூற்றொன்று. எழுதினேன். மழைக்காலம்தான், தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. பலகைக்குப் பக்கத்தில் ஒரு கொக்கு நின்றது. நான் நெடுநேரம் அங்கேயே நின்றும் அது பறக்கவில்லை. உனக்குத் தெரியும், நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. வாசிகசாலைப் புத்தகங்களோடு இருந்து பழகியவள். மனதில் இருப்பதைத் தாளில் வைத்தால்தான் எனக்கு அது என்னவென்று தெரியும். அதனால் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமைக்கு முன் கிடைக்கவேண்டும் என்பதால் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உன் தொலைபேசிக்கு அனுப்புவேன். இதை ஒளிக்க வேண்டாம். உன் பொறுப்பாளர் அம்மாவுக்கு அவர் மொழியில் சொல். யார் கேட்டாலும் காட்டு.

நீ போன நாளை நினைத்துப் பார்க்கிறேன். நம் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் வீட்டைவிட்டுப் போவது ஆண்பிள்ளைதான். வீடு பெண்ணுக்கு. உன் அப்பா ஒரு பெட்டியோடு இந்த வீட்டுக்கு வந்தார். என் தம்பி, உன் மாமா, அதேபோல, நாம் ஆறு என்று சொல்லும் இந்த வாவியைக் கடந்து படுவான்கரைக்கு, உன் மாமியின் வீட்டுக்குப் போனான். ஆகவே மகனைப் பெற்றவள் அவனை அனுப்பப் பழகித்தான் இருப்பாள். ஆனால் நான் ஆற்றுக்கு அங்கால் அனுப்பத்தான் பழகியிருந்தேன். ஆறு மாதப் பயிற்சி, உங்கள் பீடத்திலிருந்து இரண்டே இரண்டு பேர், அதில் ஒருவன் நீ என்று கடிதம் வந்தபோது உன் அப்பா முச்சக்கரவண்டியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு ஓடிவந்தார். பக்கத்து வீட்டு ராசையா அண்ணன் வலையைத் தோளில் போட்டபடி வேலிப் படலையில் நின்று கேட்டதை நீ மறந்திருக்கமாட்டாய்.

"எந்த நாட்டுக்குப் போறாய் மருமகன்?"

"நெதர்லாந்து மாமா."

"அது எங்க கிடக்கு?"

"ஒல்லாந்தர் எண்டு படிச்ச இல்லையா? அவங்கட நாடு."

"அடேயப்பா! அவனுகள் அங்க இரிந்து கப்பல்ல வந்து நமக்குக் கோட்டை கட்டினானுகள். நீ இஞ்ச இரிந்து பிளேன்ல போய் அவனுகளுக்கு என்ன கட்டிக் குடுக்கப்போறாய்?"

"ஒண்டும் கட்ட இல்ல மாமா. தண்ணி பாக்கப் போறன்."

"தண்ணி பாக்கவா? அதுக்கு கொம்மா வீட்டுப் படியில குந்தினாக் காணாதா?"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ராசையா அண்ணன் அன்று உனக்கென்று இறால் பொரித்துக் கொண்டுவந்து தந்தார். நீ அதைப் போத்தலில் அடைத்துக்கொண்டு போனாய். இந்த மனிதரைப் பற்றித்தான் இந்தக் கடிதத்தில் இனிச் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன் இன்னொன்று. அங்கு போன முதல் மாதம் நீ அனுப்பிய குரல் செய்திகளை இன்னும் வைத்திருக்கிறேன். ஒன்றில் உன் குரல் வியப்பில் உடைந்திருக்கும். "அம்மா, இஞ்ச பெரிய பேராசிரியர் ஒராள், எல்லாருக்கும் முன்னால, எனக்கு இது விளங்கல்ல, திரும்பச் சொல்லு எண்டு என்னட்டக் கேக்கிறார். என்னட்ட!" இன்னொன்றில் குரலே இல்லாததுபோல இருக்கும். உன் கணினியில் ஓடிக்கொண்டிருந்த கணக்கு பாதியில் நின்றுவிட்டது. நீதான் எதையோ பழுதாக்கிவிட்டாய் என்று மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல், சரியாகச் சாப்பிடாமல் இருந்தாய். கடைசியில் கேட்டால், அந்தக் கட்டடம் முழுவதற்கும் நடந்த மின்தடையாம். எல்லோருடைய கணக்கும் நின்றதாம். மற்றவர்கள் கோப்பி குடிக்கப் போயிருக்கிறார்கள். நீ மட்டும் குற்றவாளி போல இருந்திருக்கிறாய். புதிய இடத்தில், பிறருடைய பாஷையில், பிறருடைய கதிரையில் இருக்கிற இளம்பிள்ளைக்கு முதலில் சந்தேகம் வருவது தன்மேல்தான் என்று அன்று நினைத்துக்கொண்டேன். அதை நினைத்த நானே ஞாயிற்றுக்கிழமை உன் அந்தச் சந்தேகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

இனி அந்த வருடம்.

இந்த வீடு எனக்குச் சீதனமாக வந்தபோது படிக்கட்டும், படியடியில் நட்டிருந்த அளவுப் பலகையும், அதை வாசிக்கும் வேலையும் சேர்ந்தே வந்தன. பலகைக்கு மிகக் கிட்டிய வீடு நம்முடையது. அதனால் முன்பு என் அப்பா வாசித்தார், பிறகு நான். காலை ஆறு மணிக்கும் பின்னேரம் ஆறு மணிக்கும் பார்த்து, புத்தகத்தில் எழுதி, நீர்ப்பாசன அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லவேண்டும். நூற்றைந்து சென்ரிமீற்றரில் ஒரு சிவப்புக் கோடு. தண்ணீர் அதைத் தொட்டால் படுவான்கரையின் தாழ்ந்த வயல்களில் பயிர் மூழ்கத் தொடங்கும். அப்போது கூட்டம் கூடி, ஆற்றுவாயில் வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல்மேட்டை வெட்டிவிடுவார்கள். முன்கூட்டியே வெட்டினால் வயற்காரருக்குச் சந்தோசம், மீன்பிடிக்கிறவருக்கு அழிவு. வளராத இறால் எல்லாம் தண்ணீரோடு கடலுக்குப் போய்விடும். பிந்தி வெட்டினால் மற்றப்பக்கம். இரண்டு கரைகளின் சோறும் அந்த மணல்மேட்டில்தான் இருக்கிறது. வெட்டுவதற்கு என் பலகை மட்டும் காரணமில்லை. மழை, ஆறுகள், எத்தனையோ பார்ப்பார்கள். ஆனால் கூட்டத்தில் முதலில் வாசிப்பது அந்த எண்ணைத்தான்.

நீ பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே அந்தப் பலகையில்தான் எண் படித்தாய். மூன்று வயதில் என் இடுப்பில் இருந்தபடி, கொடித் தளிர் போல விரலை நீட்டி நீட்டி வாசிப்பாய். ஒன்பது வயதில் நீ பிழையாக வாசிக்கமாட்டாய். அது உனக்கு மறந்துபோயிருக்கலாம். எனக்கு மறக்கவில்லை.

அந்த மார்கழி மழை விடாமல் பெய்தது. உன் அப்பா கட்டாரில் இருந்தார். எனக்கு இருபத்தெட்டு வயது. இன்றைய உன்னைவிட ஐந்து வயதுதான் கூட. உன் மாமா கலியாணம் முடித்துப் படுவான்கரைக்குப் போய்ச் செய்த முதல் வெள்ளாமை அது. மாமியின் அப்பா தன் வயல்வட்டையில் ஆற்றோரத்துத் தாழ்ந்த துண்டை மருமகனின் பொறுப்பில் விட்டிருந்தார். ஒருநாள் பின்னேரம் மாமா தொலைபேசியில் கூப்பிட்டான்.

"அக்கா, எவ்வளவு நிக்குது?"

"தொண்ணூத்தாறு."

"சிவப்பத் தொட இன்னும் ஒம்பதா?" மழைச் சத்தத்துக்கு மேலாகப் பேசினான். "கதிர் வெளிய வந்திட்டு அக்கா. அடித் துண்டில முழங்கால் தண்ணி. என்ட மாமனார் காலையில வரம்புல நிண்டு பாத்தார். ஒரு சொல்லுப் பேச இல்ல. வந்து குந்தி வெத்திலை போட்டார். ஏசினாலும் பரவாயில்ல. இந்த வெள்ளாமை போனா நான் இந்த வீட்டுல எந்த முகத்தோட சோத்துக்குக் குந்துற?"

அவன் என்னைப் பொய் எழுதச் சொல்லவில்லை. இதை நீ தெளிவாக விளங்கிக்கொள்ளவேண்டும். அவன் எதையுமே கேட்கவில்லை. மனைவி வீட்டில் போய் இருக்கும் ஆண்பிள்ளையின் முகம் எவ்வளவு மெல்லிய பொருள் என்று நம் ஊரில் பிறந்த எந்த அக்காவுக்கும் யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

அதே பின்னேரம் ராசையா அண்ணன் ஈரச் சாரத்தோடு வந்து, உள்ளங்கையை விரித்துக் காட்டினார். நெல்மணி அளவில் ஏழெட்டு இறால் குஞ்சுகள் துள்ளின.

"இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் விட்டாங்கெண்டா விரல் மொத்தம் வரும் புள்ள. இந்த முற ஆறு நெறஞ்சு கிடக்கு. உன்ட பலகை என்ன சொல்லுது?"

"இன்னும் சிவப்புக்கு வர இல்ல அண்ணன்."

"நல்லதாப் போச்சு. உன்ட பலகையில ஒரு தேங்காய் உடைக்கணும்."

அடுத்தநாள் காலை நீ மூன்றாம் படியில் இறங்கி நின்றாய். தலையில் சொப்பிங் பையைக் கட்டியிருந்தாய். நான் மேலே, புத்தகம் நனையாமல் குடைக்குள் நின்றேன். நீ பலகைக்குக் கிட்டக் குனிந்து, அலை அடங்கும்வரை காத்திருந்து, அடங்கியதும் வாசித்தாய். அலை அடங்கும்வரை காத்திருக்கச் சொல்லி நான் உனக்குச் சொன்னதே இல்லை. நீயாகக் கண்டுபிடித்தது.

"தொண்ணூத்தெட்டு அம்மா!" என்று கத்தினாய்.

நான் நூற்றுப்பத்து என்று எழுதினேன்.

எழுத்துக் கோணவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை பயம் தருவது. எழுதியபின் அந்த எண் மற்ற எண்களைப் போலவே இருந்தது. தொலைபேசியில் சொன்னேன். மறுமுனையில் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்தினார்கள். ஓம் என்றேன். ஒரு பொய்யை மூன்று நாள் காப்பாற்றுவதற்கு, நீ கத்திய ஒவ்வொரு எண்ணோடும் பன்னிரண்டைக் கூட்டவேண்டியிருந்தது. ஆறு தடவை நீ கத்தினாய். ஆறு தடவை கூட்டினேன், கடைசித் தடவை ஆற்றுவாயை வெட்டிய அன்று பின்னேரம். நீ ஒருதடவைகூடப் புத்தகத்தை எட்டிப் பார்க்கவில்லை. அம்மா எழுதுகிறாள் என்றால் அது எழுதப்பட்டுவிட்டது, அவ்வளவுதான் உனக்கு.

மூன்றாம் நாள் மத்தியானம் பெக்கோ இயந்திரம் கொண்டுவந்து ஆற்றுவாயை வெட்டினார்கள். ஊரே பார்க்கப் போனது. உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் ஒரு வாய்க்கால் அளவுதான். மண்நிறத் தண்ணீர் தயங்கித் தயங்கிப் போய்க் கடலை முகர்ந்து பார்த்தது. பிறகு மணல் கரைகள் வீட்டளவு கட்டிகளாக இடிந்து விழத் தொடங்கின. இரைச்சலில் பக்கத்தில் நின்றவர் பேசுவது கேட்கவில்லை. காலடியில் நிலம் அதிர்ந்தது. கண் முன்னால் ஓர் ஆறு பிறந்தது. நீ என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாய். உன் வாய் திறந்தபடியே இருந்தது. "அம்மா, இது எங்க அம்மா இவ்வளவு நாளும் இரிந்த?" என்று கேட்டாய். நீ இன்று செய்கிற வேலை அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது என்று உன் விண்ணப்பத்தில் எழுதியிருந்தாய். எனக்கு வாசித்தும் காட்டினாய். அன்று அந்த ஆற்றுவாயைத் திறந்தது எது என்று தெரிந்த ஒரே ஆள் உன் முன்னால் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

வெட்டிய இரண்டாம் நாளே மழை விட்டுவிட்டது. மாமாவின் வெள்ளாமை தப்பியது. முதல் மூட்டை அரிசியை அவன் நம் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தான். அதில் பொங்கினேன், நீயும் சாப்பிட்டாய். ராசையா அண்ணனின் வலையில் அந்தப் பருவம் முழுவதும் பாசிதான் வந்தது. அவர் யாரையும் ஏசவில்லை. "சிவப்பத் தாண்டினா வெட்டத்தானே வேணும், பாவம் அந்தக் கரையிலயும் சனம் இரிக்குதுதானே" என்றார். தோணியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஓட்டமாவடிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கப் போனார். அங்கே இடுப்புப் பிடித்துக்கொண்டது. இன்றும் அவர் தோணியில் ஏறும்போது ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறுவதை நீ கண்டிருப்பாய். ஏன் என்று நீ கேட்டதில்லை. நான் ஒவ்வொரு காலையும் படியில் நின்று அதைப் பார்க்கிறேன்.

அதன்பின் நான் ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை. உன் பொறுப்பாளர் அம்மா மெசினா என்று கேட்டாரே, அந்த ஒழுங்கு நேர்மையால் வந்ததல்ல மகனே. பயத்தால் வந்தது. காய்ச்சலிலும் போய் வாசித்தேன். உன் அப்பப்பாவின் செத்த வீட்டன்றும் போய் வாசித்தேன். எழுதிய பக்கத்தைப் புரட்டிவிட்டால் அது தண்ணீருக்குள் போய்விடும் என்று நினைத்தேன். தண்ணீருக்கு என்ன தெரியும்? அதற்கு எழுத்துத் தெரியுமா, எண் தெரியுமா? ஆனால் அந்த மூன்று நாளும் மழை எவ்வளவு பெய்தது என்று வானம் எங்கோ எழுதி வைத்திருந்தது. ஆறுகள் எவ்வளவு கொண்டுவந்தன என்று வேறு யாரோ எழுதி வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்து, அன்று வாவி எந்த உயரத்தில் நின்றிருக்கவேண்டும் என்று நீ கேட்டாய். வாவி சொல்லிவிட்டது. பன்னிரண்டு சென்ரிமீற்றர், ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எத்தனையோ புத்தகம் வாசித்திருக்கிறேன், இப்படி ஒன்றை வாசித்ததில்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் இருந்ததைக் கோயிலில் திரை விலகும்போதுதான் இதற்குமுன் உணர்ந்திருக்கிறேன்.

ஆகவே வெள்ளிக்கிழமை நீ எழுந்து நின்று அந்தப் பிள்ளை நான்தான் என்று சொல்லாதே. அப்படிச் சொன்னால் அவர்கள் அன்பாகத்தான் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய். அதோடு அந்த ஆறு புள்ளிகளும் ஒரு குழந்தையின் பிழையாக என்றைக்கும் இருந்துவிடும். உன் மேல் இல்லாத பிழையை மரியாதைக்காக ஏற்றுக்கொள்ளாதே. அது பணிவு போலத் தெரியும். அதற்குள் உண்மையான பிழைகாரர் ஒருவர் வசதியாக ஒளிந்திருப்பார், சிலவேளை அது உன் தாயாக இருக்கும். அந்தப் பேராசிரியர் உன்னிடம் விளங்கவில்லை என்று கேட்டாரே, அதையும் கற்றுக்கொண்டு வா. கணக்குப் படிப்பதற்கு மட்டும் உன்னை அனுப்பவில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். திரையில் நீ ஆற்றுவாயைத் திறந்தாய். அதைத் திறக்காமலும் ஓட்டிப் பார்க்கலாம் என்று சொன்னாய். அந்த வருடத்தைத் திறக்காமல் ஓட்டிப் பார். மழை விட்டபின் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டிருக்குமா, மாமாவின் அடித் துண்டு மூழ்கியிருக்குமா, இல்லையா என்று பார். எது வந்தாலும் எனக்குச் சொல். மெதுவாகச் சொல்லத் தேவையில்லை. நீ சின்ன வயதில் கத்தியதுபோல எண்ணை மட்டும் கத்து.

திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குப் போனேன். இப்போது பொறுப்பில் இருப்பவர் ஓர் இளைஞர், உன்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். பழைய புத்தகத்தை எடுத்துத் தரச் சொல்லி, அந்த ஆறு எண்களுக்குப் பக்கத்திலும் நீ வாசித்த எண்ணைச் சிவப்பு மையால் எழுதி, கீழே என் பெயரை வைத்தேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இத ஏன் அக்கா இப்ப சொல்லுறீங்க? ஆரும் கேக்க இல்லையே" என்றார். என் மகன் கேட்டான் என்றேன். மேலே எழுதி அனுப்புவதாகவும், பதில் வரும்வரை நான்தான் வாசிக்கவேண்டும், வேறு ஆளில்லை என்றும் சொன்னார். அன்றிரவு உன் அப்பாவிடம் சொன்னேன். "நான் இஞ்ச இரிந்திருக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை ராசையா அண்ணனின் படலைக்குப் போனேன். அவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஊசியை நிறுத்தவில்லை. முடிவில், "எத்தன?" என்று கேட்டார். பன்னிரண்டு சென்ரிமீற்றர் என்றேன். கையை எடுத்து, பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் விரித்து, அந்த இடைவெளியைத் தானே பார்த்தார். பிறகு, "போ புள்ள, நான் வேலையா இரிக்கன்" என்றார். நேற்று முழுவதும் நம் வீட்டுப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. மாமாவுக்கும் நேற்றுத் தொலைபேசியில் சொன்னேன். அவன் அழுதான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இந்தப் போகத்திலும் அடித் துண்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டதென்று சொல்லி, எவ்வளவு நிற்கிறது என்று கேட்டான். தொண்ணூற்றொன்பது என்றேன். சரி அக்கா என்று வைத்துவிட்டான்.

இன்று வியாழக்கிழமை. காலை ஆறு மணிக்குக் குடையோடு படியில் இறங்கினேன். எனக்கு முன்னரே ராசையா அண்ணனின் தோணி பலகையடியில் நின்றது. மழையில் நனைந்தபடி, ஒரு கை இடுப்பில், மறு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அலை அடங்கும்வரை காத்திருந்தார்.

"நூத்தி ரெண்டு!" என்று ஊருக்கே கேட்கக் கத்தினார். "அப்பிடியே எழுது புள்ள!"

குனிந்து பார்த்தேன். நூற்றிரண்டுதான். அப்படியே எழுதினேன்.

அம்மா